இறங்காத சத்தம்

கஸ்பார் ஏறி வந்த ராணுவ விமானம் சேந்தமுனைக் கடலில் இறங்கிவிட்டது. அதன் சத்தம் மட்டும் இறங்கவில்லை. உலக யுத்தம் முடிந்து, ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று உள்நாட்டுக்கு ஓடியவர்களெல்லாம் திரும்பி வந்து, கூரை மாற்றி, வலை பின்னி, பழைய சண்டைகளை விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியிருந்த காலம் அது. ரங்கூனில் மிச்சம் மீதியாகக் கிடந்த சிப்பாய்களையும் கம்பளிகளையும் பாராசூட் மூட்டைகளையும் பால் டின்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு இலங்கைக்குப் புறப்பட்ட அந்தப் பெரிய விமானம், நடுவழியில் மேகத்துக்குள் மாட்டி, திசை தப்பி, பெட்ரோல் தீரப்போகிற நேரத்தில், மீன் உலர்த்திக்கொண்டிருந்த பெண்களின் தலைக்கு மேலே காகங்களைக் கலைத்தபடி வந்து, கோயில் சிலுவையை ஒரு சுற்று சுற்றிவிட்டு, கடலுக்குள் நீண்டு கிடக்கிற பாறைத்திட்டுக்கு அந்தப் பக்கம், வயிறு உரசத் தண்ணீரில் உட்கார்ந்தது.

உட்கார்ந்தது என்றுதான் சேந்தமுனையில் சொல்வார்கள். விழுந்தது என்று வெளியூர்க்காரன் யாராவது சொன்னால் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காது. ஜெபமாலையில் பத்து மணி உருட்டுகிற நேரம் அது மிதந்தது. அதற்குள் கட்டுமரங்களைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் கை ஒடிந்த வெள்ளைக்கார விமானியையும், முனிரத்தினம் என்ற கோலார்க்கார மெக்கானிக்கையும், நீச்சல் தெரியாமல் தண்ணீரில் தத்தளித்த சிப்பாய்களையும் கண்ணில் பட்ட ஒருவர் விடாமல் தூக்கிப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். விமானம் மூக்கைத் தாழ்த்தி, எந்த அவசரமும் காட்டாமல், உள்ளே போய்விட்டது. கட்டுமரங்களைக் கரையில் ஏற்றி, வாந்தியெடுத்தவர்களுக்கு முதுகு தடவி, கூச்சலெல்லாம் ஒருவாறு அடங்கிய பிறகுதான் சாமியாருக்குத் துணையாகக் கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் அண்ணாந்து பார்த்தார். மேலே ஒன்றுமில்லை. சத்தம் மட்டும் கோயிலுக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் கஸ்பாரின் மனைவி சலேத்தம்மாள் இடுப்பில் மூன்று வயது மகளோடு, உப்புக் கையோடு, கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முனிரத்தினம் மூச்சு வாங்க மூச்சு வாங்கச் சொன்னான்: "உங்க ஊர்க்காரர் ஒருத்தர் உள்ள இருந்தாருங்க. கஸ்பார்னு பேரு. ஜன்னல்ல முகத்தை வச்சிக்கிட்டு, எங்க கோயிலு, எங்க கோயிலுன்னு கத்தினாரு. தண்ணி உள்ள வந்தப்ப எங்களையெல்லாம் கதவு வழியா தள்ளிவிட்டது அவர்தான். அவரு வெளிய வரலைங்க."

பெண்கள் எல்லோரும் சலேத்தம்மாள் பக்கம் திரும்பினார்கள். ஒப்பாரிக்கு வாயைத் திறந்தவர்கள் திறந்தபடியே நின்றார்கள், ஏனென்றால் அவள் கடலைப் பார்க்கவே இல்லை, வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் தெற்கே போய், வளைந்து, மறுபடி தலைக்கு மேலே வந்தது.

"அவிய இன்னும் எறங்கல" என்றாள்.

அதற்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. பேசியிருந்தாலும் கேட்டிருக்காது, சத்தம் அப்படி.

முதல் ஒரு வாரம் ஊருக்குக் கொஞ்சம் பயமிருந்தது. பங்குச்சாமியார் வெள்ளை அங்கி உடுத்தி, தீர்த்தத்தை வானத்தைப் பார்த்துத் தெளித்தார். அது அவர் முகத்திலேயே விழுந்தது. உபதேசியார் மணிக்கூண்டில் ஏறி, மூங்கில் கழியை நீட்டித் துழாவிப் பார்த்துவிட்டு, காற்று மட்டும் கொஞ்சம் சூடாக இருக்கிறது என்று வந்து சொன்னார். கேள்விப்பட்டுத் தாலுகாவிலிருந்து வந்த அதிகாரி வெகுநேரம் காதில் கை வைத்துக் கேட்டுவிட்டு, சீலா மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, பூமியில் நடப்பதற்குத்தான் தான் பொறுப்பு என்று சொல்லி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு பயப்பட நேரமில்லை. சாளை மீன் வரத்து தொடங்கிவிட்டது, அவரவருக்கு அவரவர் வேலை.

பழகிவிட்டது. மனுஷனுக்கு எதுதான் பழகாமல் போகிறது. சேந்தமுனைக்காரர்கள் உரக்கப் பேசப் பழகினார்கள். சந்தைக்குப் போனால் விலை கேட்பதையே சண்டை பிடிப்பது என்று நினைத்துக் கடைக்காரர்கள் குறைத்துக் கொடுத்தார்கள், அதில் ஊருக்கு லாபம்தான். கிணற்றடிச் சண்டைகள் ஓய்ந்தன, ஒருத்தி திட்டுவது இன்னொருத்திக்குக் கேட்காதபோது எவ்வளவு நேரம்தான் திட்ட முடியும். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்வதுதான் பெரும்பாடாகிப்போனது. சாமியாருக்குக் கேட்கும்படி பாவத்தைச் சொன்னால் வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்டது, ஆகையால் கொஞ்ச நாள் ஊரார் எல்லோரும் கோழி களவு, பொய், கோபம் என்று கௌரவமான பாவங்களை மட்டுமே சொன்னார்கள். பிறகு சாமியாரே மனமிரங்கி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே உடைமரக் காட்டுக்குப் போய் உட்கார, அங்கே சத்தம் சன்னமாகத்தான் கேட்கும் என்பதால், சேர்த்து வைத்திருந்த பாவங்களையெல்லாம் ஒரே நாளில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

ஆர்மோனியத்துக்குச் சுருதி வைக்க வேண்டியதில்லை, மேலேயே சுருதி நின்றது. பாடகர் குழு அதில் சேர்ந்துகொண்டது. கைக்குழந்தைகள் அதைக் கேட்டபடி கண்ணயர்ந்தன, தாய்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே தூங்காமல் வீறிட்டு அழுதன. அலை ஒதுக்கிய பாராசூட் துணியில் முதல்தரம் நற்கருணை எடுத்து, புதுநன்மை வாங்குகிற பெண்பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளைப் பாவாடை தைத்தார்கள். அந்த வருஷம் மாதிரி ஒரு புதுநன்மைத் திருநாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடலுக்குப் போகிறவர்களுக்கு அது துணையானது. வாடைக்காலத்தில் பனி இறங்கி, கரையும் தெரியாமல் கோபுரமும் தெரியாமல் போனால், துடுப்பை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் காது கொடுத்தால் போதும். சத்தம் வட்டமடிக்கிற இடத்துக்குக் கீழே ஊர் இருந்தது. முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு மரமாவது வழி தப்பிப் போகும். விமானம் உட்கார்ந்த நாளிலிருந்து ஒன்றுகூடப் போகவில்லை. "கஸ்பார் இருக்கான்ல, என்னத்துக்குப் பயம்" என்று சொல்லிக்கொண்டே மழைமேகத்துக்கு அடியில் போனவர்கள் உண்டு.

சலேத்தம்மாளுக்குத்தான் அது புருஷன். அவள் மகள் ஜெனோவா வயிற்றில் இருக்கும்போது பட்டாளத்துக்குப் போனவன், பிள்ளை முகத்தைப் பார்த்ததில்லை. ஆகவே அவள் நாள் தவறாமல், பொழுது சாய்கிற நேரத்தில், முகம் கழுவி, பிள்ளைக்குத் தலை வாரி, கடற்கரையில் போய் ஒரு தீ மூட்டினாள். அது அந்தக் கரையின் வழக்கம். மரம் வரத் தாமதமானால், வீட்டுப் பெண் காய்ந்த ஓலையையும் விறகையும் குவித்து, தன் வீட்டுக்கு நேரே ஒரே ஒரு தீ வளர்ப்பாள். கடலில் இருப்பவன் அதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்து சேருவான். சலேத்தம்மாளின் தாய் மூட்டினாள், மாமியார் மூட்டினாள், அவளும் மூட்டினாள். தீ உயர்ந்ததும் சத்தம் வட்டத்தை விட்டு விலகி, கடல் பக்கமாகப் போய்த் திரும்பி, தாழ்ந்து தாழ்ந்து வரும். அவள் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பாள். பனைமர உயரத்துக்கு வந்ததும் சத்தம் சட்டென்று முக்கிக்கொண்டு, உறுமலோடு மேலே ஏறிவிடும்.

"அப்பா ஏம்மா போறாவ?" என்று ஜெனோவா காதுக்குள் கத்துவாள்.

"ஒன்னப் பாத்துட்டுப் போறாவ. நாளைக்கும் வருவாவ."

சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதை மறைப்பதற்கில்லை. அவனிடம் எல்லாம் சொன்னாள். கூரை ஒழுகியதைச் சொன்னாள், ஆடு குட்டி போட்டதைச் சொன்னாள், பட்டாளத்துக்குப் போகாதீயள் என்று நான் தலையால் அடித்துக்கொண்டதைக் கேட்டீயளா என்று கத்திக் கத்தித் திட்டினாள். வீட்டில் அடுப்பைப் பார்த்துப் புருஷனைத் திட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள், இவள் ஆகாயத்தைப் பார்த்துத் திட்டினாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் கல்லறைத் திருநாள் என்று ஒன்று இருக்கிறதே. கடலில் போய்த் திரும்பாதவனுக்கு, உடல் கிடைக்காவிட்டால், அந்த நாளில் அவன் வேட்டி சட்டையை ஒரு பெட்டியில் வைத்து, துக்கமணி அடித்து, பூசை வைத்து, குழியில் இறக்குவார்கள். அதன் பிறகுதான் பெண்டாட்டி தாலியைக் கழற்றி மாதாவின் பாதத்தில் வைப்பாள், அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுவாள். அதற்கு முன்னால் அழக் கூடாது. உயிரோடு இருக்கிறவனுக்கு அழுதால் அவனுக்கு ஆகாது. கஸ்பாரின் முறை வந்தபோது சாமியார் பெட்டியைப் பார்த்தார், மேலே பார்த்தார், பூசைப் புத்தகத்தை மூடிவிட்டார்.

"மேலே பறக்கிறவனுக்கு நான் எப்படிம்மா இறந்தோர் பூசை வைக்க?" என்றார்.

இப்படியே ஒவ்வொரு கல்லறைத் திருநாளும் போயிற்று. கல்யாண வீட்டில் சுமங்கலிகளோடு உட்கார்ந்தாள், மஞ்சள் பூசினாள், தலையில் பூ வைத்தாள், வீட்டுக்கு வந்து தனியாகப் படுத்தாள். அழக் கூடாது என்பதை மட்டும் ஒருநாளும் மீறவில்லை.

ஜெனோவா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷத்தில் சத்தம் மாறியது. மற்றவர்களுக்குத் தெரியவில்லை, சலேத்தம்மாளுக்குத் தெரிந்தது. மழை பெய்தால் இருமியது. வட்டம் சுருங்கியது. சில மத்தியான வேளைகளில் ஒரு கணம் தூங்கி விழுந்து, திடுக்கிட்டு விழித்துக்கொண்டு, மறுபடி தொடர்ந்தது. இத்தனை வருஷமாகச் சோறில்லாமல், பாய் விரித்துப் படுக்காமல், ஒரு மனுஷன் எவ்வளவுதான் சுற்றுவான் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. அதுவரை தோன்றாமல் போனதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் முனிரத்தினம் வந்து சேர்ந்தான். பட்டாளத்தை விட்டுவிட்டு, கோலாரில் சுரங்கத்து மோட்டார்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவன், தன்னைத் தள்ளிவிட்டவனின் குடும்பத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டு, கடைசியில் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் டின்னோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். இறங்கியவன் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"இது எங்க பிளேன், இன்னுமா சுத்துது" என்றான், வரவேற்க வந்த உபதேசியாரிடம். "எடதுபக்க எஞ்சின் திணறுது பாருங்க. அன்னிக்கும் அதுதான் திணறிச்சு."

"அப்படியா, எங்களுக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் கேக்கும்" என்றார் உபதேசியார், தண்ணீர்ச் செம்பை நீட்டியபடி.

சாயங்காலம் சலேத்தம்மாளுடன் அவனும் கரைக்குப் போனான். அவள் தீ மூட்டியதைப் பார்த்தான். சத்தம் கடல் பக்கம் போய்த் திரும்பித் தாழ்ந்து வந்ததை, பனை உயரத்தில் தயங்கி, முக்கி முனகி மேலே ஏறியதைக் கேட்டான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் வெளிறிவிட்டது.

"இது தினமும் நடக்குதாம்மா?"

"தெனமும்தான். எங்களப் பாக்க வருவாவ."

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இங்க தீ வைக்கச் சொன்னது யாரு?"

"யாரு சொல்லணும்? கடல்ல நிக்கிறவியளுக்குக் கரையில தீ வைக்கிறது வழக்கம்தானே."

முனிரத்தினம் கொஞ்ச நேரம் மணலைக் கிளறினான். "கட்டுமரத்துக்கு இது போதும்மா. தீ தெரிஞ்சா கரை தெரியும், கரை தெரிஞ்சா எங்க வேணா ஏறிக்கலாம். பிளேனுக்கு அப்படி இல்ல. எங்க தொடங்குது, எங்க முடியுது, எவ்வளவு அகலம்னு தெரியணும். ரெண்டு வரிசையா வெளிச்சம் வேணும், நடுவுல எறங்கும். ஒத்தத் தீ தனியா எரிஞ்சா, அங்க ஏதோ பத்திக்கிட்டு எரியுது, கிட்ட வராதேன்னு அர்த்தம். பட்டாளத்துல எங்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கு. கஸ்பாருக்கும் தெரியும்."

அவள் தீயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப இத்தன வருஷமா நாந்தான் அவியள எறங்காதீயன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள்.

முனிரத்தினம் பிள்ளையைக் கூப்பிட்டு பிஸ்கட் டின்னைத் திறந்து கொடுத்தான்.

"ரெண்டு வரிசை வெளிச்சம் வச்சா எறங்கிருவாவளா?"

"எறங்கிருவாரும்மா."

"எறங்கினா?"

"சத்தம் நின்னுடும்" என்றான் முனிரத்தினம். சத்தம் நின்றால் கஸ்பாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் சலேத்தம்மாள் மீன் அறுத்தாள், உப்பிட்டாள், சோறு வடித்தாள், சாயங்காலம் முகம் கழுவி, பிள்ளைக்குத் தலை வாரி, கரைக்குப் போய், தெரிந்தே, ஒரே ஒரு தீயை மூட்டினாள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது. இன்னொரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது. சத்தம் வந்தது, தாழ்ந்தது, அவள் தலைக்கு மேலே வந்ததும் இரண்டு தடவை இருமி, ஏற முடியாமல் தள்ளாடி, எப்படியோ ஏறியது. அவள் உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளித் தீயின் மேலே போட்டாள். அணைந்த பிறகும் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெனோவாதான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அதற்கடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. ஊர்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், சாமியார் அவருக்குப் பக்கத்தில். சலேத்தம்மாள் தூணருகே நின்று விஷயத்தைச் சொன்னாள். அலைவாய்க்கரை நெடுகப் பந்தம் பிடிக்க ஆள் வேண்டும், ஊர் முழுக்க வந்தால்தான் இரண்டு வரிசைக்குக் காணும் என்றாள்.

முதலில் எழுந்தது தொம்மை. போன வாடையில் அவருடைய மகன்மார் இருவரும் பனியில் சிக்கி, துடுப்பும் ஒடிந்து, சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கையால் துழாவியே கரை வந்தவர்கள்.

"மதினி, ஒம்ம மேல மரியாதையில்லாம சொல்லல" என்று கத்தினார். "அந்தச் சத்தம் இல்லன்னா எம் பிள்ளைய இன்னைக்கு இல்ல. இங்க இருக்கிற ஒவ்வொரு வீட்டையும் கேளும். சத்தத்த நிறுத்திப்போட்டு, நாளைக்கு ஒருத்தன் வழி தப்பிப் போனா அவன் பெண்டாட்டிக்கு என்ன பதில் சொல்லுவியும்?"

"அதானே" என்று நாலைந்து பேர் பின்னாலிருந்து சொன்னார்கள். தலைவர் தாடையைத் தடவினார். நியாயமாகத்தான் பட்டது எல்லோருக்கும், சலேத்தம்மாளுக்கே பட்டது. அவள் தலைகுனிந்து நின்றாள். பிறகு நிமிர்ந்தாள். அந்த ஊரில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், அவள் கத்தவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டதாகத்தான் அன்றைக்கு இருந்தவர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

"கொழுந்தனாரே, ஒம்ம பிள்ளையள கரை சேத்தது அவியதான். பிளேன்ல வந்தவியள கரை சேத்ததும் அவியதான். இந்த ஊரு மரத்த அம்புட்டையும் கரை சேத்துக்கிட்டு இருக்கிறதும் அவியதான். அவிய ஒருத்தருதான் இன்னும் கரை சேரல. அது ஒங்க யாருக்கும் தெரியலயா?"

மேலே சத்தம் ஒரு வட்டம் அடித்து முடித்தது. தொம்மை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். சலேத்தம்மாள் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் தன் வீட்டுக் கூரையிலிருந்தே பிடுங்கிய காய்ந்த ஓலையை ஒரு கட்டாகச் சுமந்துகொண்டு, மகன்மார் பின்தொடர, கோயிலைத் தாண்டிக் கடற்கரைக்குப் போவது தெரிந்தது. அதன் பிறகு தலைவர் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

அன்று சாயங்காலம் கடல் வற்றியிருந்தது. ஈரமணல் கெட்டியாகி, தரை போட்டது போலக் கிடந்தது. முனிரத்தினம் முன்னும் பின்னும் ஓடி அளந்து, இங்கே ஒருவர், அங்கே ஒருவர் என்று நிறுத்திக்கொண்டே போனான். பெண்கள், ஆண்கள், கைக்குழந்தைக்காரிகள், பாராசூட் பாவாடை குட்டையாகிப்போன பெண்பிள்ளைகள், பாடகர் குழு, சாமியார், எல்லோரும் கையில் ஓலைப் பந்தத்தோடு, முகத்துக்கு முகம் பார்க்க, இரண்டு வரிசையாக நின்றார்கள். கடலோரம் ஒரு வரிசை, கரையோரம் ஒரு வரிசை. கடைசியில், வரிசை முடிகிற இடத்தில், சலேத்தம்மாளும் ஜெனோவாவும் வெறுங்கையோடு நின்றார்கள். சூரியன் உடைமரங்களுக்குப் பின்னால் போனதும் முனிரத்தினம் கையைத் தூக்கினான், பந்தங்கள் பற்றிக்கொண்டன.

சத்தம் வட்டத்தை நிறுத்தியது. எங்கே நின்று யோசித்ததோ தெரியாது, கொஞ்ச நேரம் அது ஒரே இடத்தில் இருந்தாற்போல் இருந்தது. பிறகு தூரத்தில், கடலின் கடைசி வரைக்கும் போய், வளைந்து, இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டிராத ஒரு சீரோடு, இருமல் இல்லாமல், திணறல் இல்லாமல், அவர்களைப் பார்த்து வந்தது. வந்து, பனை உயரத்துக்குத் தாழ்ந்து, கூரை உயரத்துக்குத் தாழ்ந்து, முதல் பந்தங்களுக்கு நடுவே நுழைந்தபோது காற்று அடித்து எல்லோருடைய சேலையும் வேட்டியும் படபடத்தன, பெட்ரோல் வாசனை வந்தது, ஒருவரும் பந்தத்தைக் கீழே போடவில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஈரமணலில் மட்டும் இரண்டு அகலமான சக்கரத் தடங்கள் பதிந்து பதிந்து ஓடி வந்தன. தொம்மையைத் தாண்டின, சாமியாரைத் தாண்டின, மெதுவாயின, சலேத்தம்மாளுக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றன. சத்தம் இரண்டு மூன்று தரம் விக்கியது. நின்றது.

ஊருக்குக் காது அடைத்துப் போயிற்று. அடைப்பு இல்லை, அது அமைதி என்று புரிய நேரமாயிற்று. பந்தம் எரிகிற சடசடப்பு கேட்டது. பக்கத்தில் நிற்கிறவர் மூச்சு விடுவது கேட்டது. கடல் ஒன்று அங்கே இருந்து இத்தனை காலமும் பேசிக்கொண்டிருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சத்தத்தைத் தவிர வேறெதுவும் அறியாத சின்னப் பிள்ளைகள் பயந்துபோய்த் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டன.

சக்கரத் தடம் முடிந்த இடத்திலிருந்து ஒரு காலடி விழுந்தது. பிறகு இன்னொன்று. வெறுங்கால், வலதுகால் கொஞ்சம் வெளியே திரும்பினாற்போல். அந்த நடையைச் சலேத்தம்மாளுக்குத் தெரியாதா. காலடிகள் நேரே வராமல், முதலில் ஜெனோவாவுக்கு முன்னால் வந்து நின்றன. முன்பக்கம் அழுந்திப் பதிந்ததிலிருந்து, அவன் குனிந்திருக்கிறான் என்று தெரிந்தது. பிள்ளை கையை நீட்டி, அந்த உயரத்தில் எதையோ தொட்டது.

"அம்மா, அப்பாக்குத் தாடி இருக்கு" என்றது, கத்தாமல்.

அதன் பிறகு காலடிகள் சலேத்தம்மாளிடம் வந்தன. கத்திக் கத்தி எவ்வளவோ சொன்னவளுக்கு, இவ்வளவு கிட்டத்தில் நிற்கிறவனிடம் எந்தக் குரலில் பேசுவது என்பதே மறந்துபோயிருந்தது. கல்யாணமான புதிதில், மாமியார் காதில் விழாமல் அவனிடம் பேசுவாளே, அந்தக் குரல் மெல்ல வந்தது.

"சாப்டியளா?"

வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்று பேரின் காலடிகள் மணலைத் தாண்டி வீட்டுப் பக்கம் போயின, யாரும் பின்னால் போகவில்லை. அவள் இலை போட்டாள், சுடுசோறு வைத்தாள், மீன் குழம்பை ஊற்றினாள், பக்கத்தில் உட்கார்ந்து ஓலை விசிறியால் வீசினாள். பிள்ளை பள்ளிக்கூடத்துப் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டி, பாதியிலேயே தூங்கிப்போனது. அவன் களைத்திருப்பான் என்று பாயை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டாள். பேச வேண்டியதை எல்லாம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று ஊருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

விடிந்ததும் சாமியார் பூசைக்காகக் கோயில் கதவைத் திறக்கும்போது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். குளித்திருந்தாள், தலை ஈரமாக இருந்தது. ஒரு கையில் பிள்ளையைப் பிடித்திருந்தாள், இன்னொரு கைக்குள் தாலி இருந்தது.

"சாமி, அவிய வந்து சேந்துட்டாவ" என்றாள். "இனி துக்கமணி அடிக்கச் சொல்லுங்க."

சாமியார் தானே போய்க் கயிற்றைப் பிடித்தார். மணியின் முழுச் சத்தத்தையும் ஊர் வெகு காலத்துக்குப் பிறகு கேட்டது. கரையில் மரம் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றார்கள். சலேத்தம்மாள் கோயில் படியில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டு, இத்தனை வருஷமும் அடக்கி வைத்திருந்த அழுகையை அழுதாள். அது சேந்தமுனையின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது.